பொழியோரத்துக் களாச்செடிகள்

மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரனுக்குச் செடி வளர்க்க வராது என்பது என் மனைவியின் கட்சி. கோயமுத்தூரில் இத்தனை வருடமாக எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துக் காயில் சுற்றிச் சுற்றி, எந்தக் கோளாறாக இருந்தாலும் தண்ணீர் எடுத்து ஊற்றினால் சரியாகிவிடும் என்று நான் நம்ப ஆரம்பித்துவிட்டேனாம். அப்படியெல்லாம் இல்லை என்று சண்டைக்குப் போவேன். ஆனால் களாச்செடி விஷயத்தில் அவள் சொன்னதுதான் நடந்தது.

கடைக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருந்தது. அதன் மூலையில் யாரும் வைக்காமல் தானாக வந்த ஒரு களாச்செடி. ஆள் உயரம்கூட வளராமல், பரட்டைத் தலையோடு, கவட்டையாகப் பிரிந்த முள்ளோடு நிற்கும். மற்ற நாளில் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பங்குனி வெயிலில் அக்கம்பக்கம் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது அது மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை வாசம்தான், கொஞ்சம் காட்டுத்தனமாக இருக்கும். அப்புறம் பச்சைக் காய், சிவப்பு, கடைசியில் கறுப்புப் பழம். பழுத்துவிட்டால் கொண்டைக்குருவிகள் அங்கேயே குடியிருக்கும். தலையில் கறுப்புக் கொண்டையும் வாலுக்கடியில் சிவப்புப் பொட்டுமாக இருக்கிற குருவி. கடையின் சுத்தியல் சத்தத்துக்கு நடுவிலும் அதன் குரல் தெளிவாகக் கேட்கும். நானும் டீ குடிக்கப் போகிற சாக்கில் நாலு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு வருவேன்.

அந்த மனை விற்றுப்போனது. அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்பில் கோடு போட்ட அன்றைக்கு, கையில் அகப்பட்ட பழத்தையெல்லாம் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சட்டை போனது போனதுதான், அந்தக் கறை இன்றுவரை போகவில்லை. சதையைத் தின்றுவிட்டு விதைகளைக் கழுவி, பால் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி மொட்டைமாடியில் வரிசையாக ஊன்றி வைத்தேன்.

"ஏனுங்க, துணி காயப்போட இடமில்லாம முள்ளுச்செடிக்கு நர்சரி வெச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"குருவிக்குங்க" என்றேன்.

"குருவிக்கு மொட்டைமாடி, எனக்குக் கதவு மேலயா கொடி?" என்று கேட்டுவிட்டு ஈரச் சேலையைக் கொண்டுபோய் அறைக்கதவின் மேல்தான் போட்டாள். நான் பார்க்க வேண்டும் என்றே போட்டாள்.

செடிகள் அசாத்திய நிதானத்தில் வளர்ந்தன. எங்கே நடுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பல்லடத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் அப்பா விட்டுப்போன மேட்டுக்காடு, மானாவாரி நிலம்தான், எங்களுக்கு இருக்கிறது. அண்ணனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். என் பாகம் வெறும் மேய்ச்சல் காடு. ஒரு போர்வெல் மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவேன். அண்ணன் அங்கேயே வீடு கட்டி, தன் பாகத்தில் பிராய்லர் கோழிக்கு ஷெட் போட்டிருக்கிறார். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும், வளர்த்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. இரண்டு பாகத்துக்கும் நடுவில் ஓடுகிற எல்லை வரப்பைத்தான் நாங்கள் பொழி என்போம். ஷெட் போட்டபோது பொழியில் இருந்த பழைய முள்வேலியை வழித்து எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அங்கே போய் நின்றால் கோழிச் சத்தமும் காற்றாலை சுற்றுகிற சத்தமும் தவிர வேறொன்றும் கேட்காது. ஒரு குருவி உட்காரக்கூட முள் இல்லாத காடு எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஐப்பசி மழை விட்டதும், பொழியை ஒட்டி என் பக்கத்தில் களாச்செடிகளை ஒரே வரிசையாக நட்டேன். நட்ட கையோடு சொட்டுநீர்க் குழாயும் இழுத்துவிட்டேன். மாட்டுச் சாணம் ஒரு கூடை, கடலைப் புண்ணாக்கு ஒரு கை, வாரம் தவறாமல் தண்ணீர். செடி என்னமாய் வளர்ந்தது! பளபளவென்று இலை, கொழுகொழுவென்று கிளை. அடுத்த பங்குனி வந்தது, பூ வரவில்லை. அதற்கடுத்த பங்குனியும் போனது. ஒரு மொட்டுக்கூட இல்லை.

அண்ணன் பொழி மேட்டில் நின்று, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆற அமரப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, கீரையா வெச்சிருக்கற? கடைஞ்சு சோத்துல ஊத்தித் திங்கறதா?"

"வருமுங்கண்ணா."

"வரும் வரும். உன்ற மோட்டாரு ஓடற வரைக்கும் இலைதான் வரும்."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். அந்த மார்கழியில் என் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. ஊரார் மோட்டாரையெல்லாம் மறுநாளே தருகிறேன் என்று வாங்கி வைக்கிறவன், என் மோட்டாரை மட்டும் கடையின் மூலையில் போட்டுவிட்டு, இன்றைக்கு நாளைக்கு என்று கோடை வரை இழுத்துவிட்டேன். வாடிக்கையாளர் இருக்கும்போது சொந்த வேலை எங்கே ஓடும். தண்ணீர் இல்லாமல் செடிகளில் பாதி இலை கொட்டிவிட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வரிசை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. பைக்கை நிறுத்துவதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது. களாவுக்குப் பட்டினிதான் பக்குவம் என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. மோட்டாரைச் சரிசெய்து மாட்டினேன், ஆனால் அந்த வரிசைக்குப் போகிற குழாயை அடைத்துவிட்டேன்.

அப்புறம் அந்தக் காட்டுக்கு ஒரு வருடக் கணக்கே வந்துவிட்டது. பங்குனி, சித்திரையில் பூ, வண்டு, பட்டாம்பூச்சி. வைகாசியில் சிவந்த காய். ஆனியில் கறுத்த பழம், அதைத் தின்னக் கொண்டைக்குருவிகளும், குயிலும், பெயர் தெரியாத இன்னும் சிலதும். மழைக்காலத்தில் தளதளவென்று புது இலை. வெயிலுக்குச் செடியடியில் கௌதாரிகள் பதுங்கிக் கிடக்கும். நான் கிட்டே போனால் காலடியிலிருந்து விர்ரென்று கிளம்பும், ஒவ்வொரு தடவையும் பயந்து நாலடி பின்னால் போவேன். அண்ணனும் சாயங்காலம் தீவனம் போட்டு முடித்துவிட்டு, பொழிப் பக்கமாக நடந்துவந்து நாலு பழம் தின்றுவிட்டுப் போவார். அதை ஒப்புக்கொள்ள மாட்டார். பல்லும் உதடும் ஊதாவாக இருக்கும்போதே, "முள்ளு வேணா நல்லா இருக்குது, பழம் ஒண்ணும் பிரமாதமில்ல" என்பார்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகனுக்குப் பெண் அமைந்தது. ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளையின் சகோதரி பட்டு உடுத்தி, நகை பூட்டி, கூறைச்சேலையைக் கையில் ஏந்தி, எல்லோர் முன்னிலையிலும் அவன் பக்கத்தில் வந்து உட்காருவாள். கட்டிக்கொள்ள ஒருத்தி வருகிறாள் என்பதற்காக உடன்பிறந்தவளுக்கு இடம் போய்விடவில்லை என்று சபையறியச் சொல்கிற சீர் அது. கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் சித்தப்பா பெரியப்பா மகள் உட்காருவாள். அண்ணனுக்கு அவன் ஒருவன்தான். எனக்கு என் மகள் ஒருத்திதான். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக் கொடுத்ததும், ஷெட்டுக்குப் போகிற மண்பாதையில் அவளோடு சேர்ந்து விழுந்து வாரிக்கொண்டு, வீட்டில் நாய் துரத்தியது என்று பொய் சொன்னதும் அவன்தான். "எனக்கு வாழ்க்கைல ஒரே ஒரு இணைச்சீருப்பா. அத விட்டா நான் வேற எவனுக்குப் போயி உக்கார்றது?" என்பாள். என்ன நிறத்தில் சேலை என்பதுவரை பெரியம்மாவோடு போனில் பேசி முடித்து வைத்திருந்தாள்.

ஆனி மாதம் காற்று திரும்பியது. அண்ணனின் ஷெட்டில் கோழிகள் சாக ஆரம்பித்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் செத்த கோழிகளைச் சாக்கில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கம்பெனி சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, ஷெட்டுக்குப் பக்கத்தில் இப்படிக் காட்டுக்குருவி வரலாமா, அதுதானே சீக்கைக் கொண்டுவருகிறது என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது அண்ணன் மனதில் நன்றாக ஏறிவிட்டது. அதே நேரம் பார்த்து, இரண்டு கொண்டைக்குருவிகள் ஷெட்டின் வலைக்கம்பி மேல் உட்கார்ந்து குஷியாகக் கத்திக்கொண்டிருந்தன.

"பாரு, உன்ற விருந்தாளிங்கள. அதுக வந்துதான் என்ற கோழியப் பூராத்தையும் கொன்னுபோட்டுது."

"குருவி பழந்திங்க வருதுங்கண்ணா. அது எதுக்கு உங்க ஷெட்டுக்குள்ள வரப்போகுது?"

"கோயமுத்தூர்ல உக்காந்துட்டு உனக்கு என்ன தெரியும்? மொதல்ல அந்தச் செடியப் புடுங்கு. இல்லாட்டி நானே ஜேசிபி உட்டு வாரிப்போடுவேன்."

எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பார்த்துப் பார்த்து வளர்த்த செடி. "உங்க தண்ணித் தொட்டிய எப்பக் கழுவுனீங்கன்னு மொதல்ல ரோசன பண்ணுங்க. அப்பறம் என்ற செடியச் சொல்லலாம்" என்றேன். தொட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஷெட் வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் சாக்கைக் கீழே வைத்தார். பிறந்ததிலிருந்து என்னை 'டா' என்று மட்டுமே கூப்பிட்டவர், மெதுவான குரலில் சொன்னார்: "சரிங்க. நீங்க உங்க காட்டப் பாருங்க. நாங்க எங்க காட்டப் பாத்துக்கறோமுங்க."

எங்கள் ஊரில் மரியாதைக்குப் பஞ்சமே கிடையாது. பஸ்ஸில் காலை மிதித்தவனுக்குக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். அண்ணன் வாயிலிருந்து எனக்கு அது வந்தபோது, அவர் கை நீட்டி அடித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அதோடு பேச்சு நின்றது. நான் ஞாயிற்றுக்கிழமை போவதையும் நிறுத்திவிட்டேன். அவர் கூப்பிடட்டும் என்று நானும், நான் கூப்பிடட்டும் என்று அவரும் இருந்ததாகத்தான் இப்போது தெரிகிறது. அண்ணியும் கூப்பிடவில்லை. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மூன்று பேருக்கும் இணைச்சீர் என்ன ஆகும் என்கிற ஒரே வெசனம்தான். ஆடி பிறந்தது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகப்போகிறது என்று யாரோ உறவுக்காரர் மூலமாகக் காதுக்கு வந்தது. இணைச்சீருக்கு ஆள் கிடைக்காமல் போகாது. எங்கள் பங்காளிகள் வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து, வெளியாளை அழைப்பது போல அண்ணன் எங்களை அழைக்க வந்துவிடுவாரோ என்று, கடை வாசலில் எந்த வண்டி நின்றாலும் எட்டிப் பார்த்தேன்.

"செடி பெருசா, புள்ள பெருசா?" என்று மனைவி ஒரு சனிக்கிழமை கேட்டே விட்டாள்.

"நாளைக்குப் போயிப் புடுங்கிப்போட்டு வாரேன்" என்றேன்.

மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "செடியப் புடுங்கித்தான் நான் போயி உக்காரணும்னா, எனக்கு அந்தச் சீரே வேண்டாம்ப்பா" என்றாள். சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். அவள் வைத்துவிட்டுப் போன தட்டைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலையில் கடப்பாரையைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் வேண்டாம் என்று சொன்னது எனக்காக. வேண்டும் என்று இருப்பது அவளுக்காக. அது புரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. செடி இன்னொரு தரம் முளைக்கும், இணைச்சீர் இன்னொரு தரம் வராது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆடிக் காற்று பைக்கை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தது.

காட்டுத் திருப்பத்தில் பைக்கை நிறுத்தினேன். அண்ணன் பக்கம் முழுவதும் செம்மண்ணாகக் கிடந்தது. ஷெட்டைச் சுற்றி இருந்த சீமைக் கருவேலம், எருக்கு, அரளி, அவரே வைத்த முருங்கைகூட இல்லை. ஜேசிபியின் பல் பதிந்த தடம் பொழி வரைக்கும் வந்திருந்தது. சொன்னதைச் செய்துவிட்டார் என்று நினைத்தேன். பிடுங்கத்தான் நானும் வந்திருந்தேன். அப்படியிருந்தும் அவர் பிடுங்கிவிட்டார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனிதப் பிறவிக்கு நியாயமே கிடையாது.

கிட்டே போன பிறகுதான் பார்த்தேன். ஜேசிபித் தடம் பொழி மேட்டில் வந்து சட்டென்று திரும்பியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் என் களாச்செடிகள் வரிசை குலையாமல் நின்றன. ஒவ்வொரு செடியின் உச்சியிலும் ஒரு துண்டுத் துணி முடிந்து, காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. பச்சைக்கரை போட்ட வெள்ளைத்துணி. அண்ணன் எப்போதும் தோளில் போட்டுக்கொள்கிற துண்டைக் கிழித்துக் கட்டியிருக்கிறார். ஜேசிபிக்காரருக்கு அடையாளம், இதைத் தொடாதே என்று. ஒரு செடியில் மட்டும் இரண்டு துணி.

கையில் கடப்பாரையோடு நான் அங்கேயே நின்றிருந்தேன். ஷெட் பக்கமிருந்து அண்ணன் வந்தார். கொஞ்ச நேரம் கடப்பாரையையே பார்த்தார்.

"எதுக்குடா இது?"

டா! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "செடியப் புடுங்கிப்போடலாமுன்னு வந்தனுங்கண்ணா" என்றேன்.

"கூறு கெட்டவனே, கூடு இருக்குது பாரு." இரண்டு துணி கட்டியிருந்த செடியின் முள்ளை மெதுவாக விலக்கிக் காட்டினார். காற்று படாத உள்கிளையில், குழிவாக, நாரும் வேருமாகப் பின்னிய கூடு. உள்ளே குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. "றெக்க மொளைக்கற வரைக்கும் ஒருத்தனும் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன்."

"குருவி வந்தா கோழிக்கு ஆகாதுன்னீங்களே?"

அவர் ஷெட் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஷெட்டச் சுத்தி ஒரு செடி இருக்கக்கூடாதுன்னு கம்பெனிக்காரன் சொன்னான், என்ற பக்கத்த வாரிப்போட்டேன். டாக்டரு வந்து கோழிய அறுத்துப் பாத்துட்டு, தண்ணியிலதான் கோளாறுன்னுட்டாரு. தொட்டி, பைப்பு எல்லாம் பாசி புடிச்சுக் கெடந்துது. நீ சொன்னாப்பலயேதான்." அப்புறம் கொஞ்சம் கடுப்பாக, "ஷெட்டுக்கு மட்டும் சின்னக் கண்ணு வலையா மாத்திக் கட்டிட்டேன். உன்ற குருவி இனி வெளிய உக்காந்து பாட்டுப் பாடலாம், உள்ள வரமுடியாது" என்றார்.

"இத ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமுங்களேண்ணா."

"நாலு பேத்து முன்னால அந்தக் கத்துக் கத்திப்போட்டு, எந்த மூஞ்சிய வெச்சுட்டு போன் பண்றது? உனக்கென்ன, நீ பண்ணக்கூடாதா?"

அவர் கை தன்பாட்டுக்கு ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டது. அப்போதுதான் அவர் உதட்டைப் பார்த்தேன். காலையிலேயே ஊதா.

"உங்க அண்ணி ஒரு வாரமா என்னப் புடுங்கி எடுக்கறா" என்றார். "பாப்பாவோட அளவு ஜாக்கெட்டு வேணுமாமா. இணைச்சீருச் சேலை எடுத்தாச்சு, தைக்கக் குடுக்கோணும். நீயே கேளுன்னா நான் எப்படிக் கேக்கறதுங்கறா. இந்தப் பத்திரிகை வேற அச்சுக்குப் போகாமக் கெடக்குது. உம்பேருல ஒருக்கா இனிஷியலத் தப்பாப் போட்டுட்டானுங்க, திருத்தச் சொல்லியிருக்குது."

நான் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே பொழி மேட்டில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. அண்ணன் என்னைப் பார்க்காத மாதிரி, துணி முடிச்சுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வரிசையின் கடைசி வரை போனார்.

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"புடுங்கிட்டீங்களாப்பா?"

"இல்ல கண்ணு. உன்ற அளவு ஜாக்கெட் ஒண்ணு எடுத்து வை. பெரியம்மா கேட்டாங்களாம்."

காற்று இரைச்சலில் லைன் போய்விட்டதோ என்று போனைக் காதோடு அழுத்தினேன். அப்புறம்தான் அவள் விசும்புவது கேட்டது. மனைவி போனைப் பிடுங்கி, "ஏனுங்க, என்ன ஆச்சு? புள்ள எதுக்கு அழுகுது?" என்று பதறினாள். வரிசையின் கடைசியிலிருந்து அண்ணன் கத்தினார்: "ரெண்டு ஜாக்கெட்டாக் குடுத்துடச் சொல்லுடா, தையக்காரன் ஒண்ணத் தொலைச்சுப்போடுவான்!"

மனைவி காதில் அது நேராகவே விழுந்துவிட்டது.